தொடை எலும்பைக் கணினியில் கட்டமைப்பது: சி.டி. ஸ்கேன் முதல் சரிபார்த்த விடை வரை

உயிரி இயந்திரவியலில் கணினி மாதிரி செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எலும்பின் வடிவம் ஒன்றை இணையத்தில் இறக்கி, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கொடுப்பதுபோல் ஒரே ஒரு மீட்சிக் குணகத்தை (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்ணை) கொடுத்து, ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை அழுத்துகிறார்கள். சிவப்பும் நீலமுமாக அழகான படம் வந்துவிடுகிறது. அந்தப் படத்தில் உள்ள எண்ணை நம்பலாமா என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. எண்ணை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஒரு மாதிரியை எப்படிக் கட்டுவது என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகத் தொடை எலும்பின் மேற்பகுதியை வைத்துக்கொள்வோம். இந்தத் துறையின் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று அது. 1860-களில் சூரிச்சில் உடற்கூறியலாளர் ஹெர்மன் ஃபான் மேயர் வரைந்த தொடை எலும்பின் நீளவாக்கு வெட்டுத்தோற்றத்தைப் பார்த்த பொறியாளர் கார்ல் குல்மன், உள்ளே ஓடும் பஞ்சு எலும்பின் இழைகள் தாம் கணக்கிட்ட பாரந்தூக்கியின் தகைவுக் கோடுகளை (தகைவு என்பது ஓரலகு பரப்பில் வரும் விசை) போலவே வளைந்து செல்வதைக் கவனித்தார். வடிவத்தைச் சிறு சிறு உறுப்புகளாக, ஒரு வலைபோல், பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை எலும்பியலுக்குள் நுழைந்ததும் தொடை எலும்பு வழியாகத்தான்: 1972-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெக்கல்மன்ஸும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட இரு பரிமாண மாதிரி அது. இன்று அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுணுக்கமான மாதிரியை ஒரு சாதாரண மடிக்கணினியில், காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள்களை வைத்தே செய்துவிடலாம். படங்களிலிருந்து எலும்பைப் பிரிக்க 3டி ஸ்லைசர், வலை பின்ன ஜிமெஷ், கணக்கிட எஃபெபயோ அல்லது கால்குலிக்ஸ். கல்லூரியில் விலையுயர்ந்த உரிமம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“தொடை எலும்பின் உயிரி இயந்திரவியல் ஆய்வு” என்பது கேள்வி அல்ல. “60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது தொடை எலும்பின் கழுத்தின் மேற்புறத்தில் இழுவிசைத் திரிபு எவ்வளவு?” என்பது கேள்வி. திரிபு என்பது நீளம் தன் அளவில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது. இப்படி எழுதிய உடனே பல முடிவுகள் தாமாகவே வந்துவிடும். கழுத்துதான் முக்கியம் என்றால் முழங்கால் பக்கம் வலை நெருக்கமாக இருக்கத் தேவையில்லை. நிற்பதுதான் நிலை என்றால் விசை மெதுவாக ஏறுவதாகக் கொள்ளலாம். மோதல் கணக்கு வேண்டாம். திரிபுதான் விடை என்றால் எலும்பின் அடர்த்தி இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பது கட்டாயம் தெரிய வேண்டும்.

கேள்வி மாறினால் கருவியே மாறும். நடக்கும்போது எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டால் ஃபைனைட் எலிமென்ட் தேவையே இல்லை. எலும்புகளைக் கெட்டியான கட்டைகளாகவும் தசைகளை இழுக்கும் கோடுகளாகவும் கொள்ளும் ஓப்பன்சிம் போதும். ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. குருத்தெலும்பில் நீர் கசிவதைக் கேட்டால் திண்மத்தையும் நீர்மத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எஃபெபயோவின் இருகட்ட மாதிரி வேண்டும். கேள்வியை எழுதிவைத்த தாளைக் கணினிக்கு அருகிலேயே வைத்திருங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

இரண்டாம் படி: கையால் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். என் கருத்தில் முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்த அரை மணி நேரம்தான்.

முதலில் இடுப்பு மூட்டில் வரும் விசை. 60 கிலோ எடை என்பது சுமார் 588 நியூட்டன். ஒற்றைக் காலில் நிற்கும்போது ஊன்றிய கால் போக மீதி உடலை அந்த மூட்டு தாங்குகிறது. ஒரு காலின் எடை உடலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. எனவே மூட்டின் மேலிருக்கும் பளு சுமார் 490 நியூட்டன். அந்தப் பளுவின் கோடு மூட்டின் மையத்திலிருந்து உட்பக்கமாகச் சுமார் 10.5 செ.மீ. தள்ளி விழுகிறது. உடல் அந்தப் பக்கம் சாயாமல் பிடித்திருப்பவை இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள். மூட்டிலிருந்து அவற்றின் தூரம் சுமார் 5 செ.மீ. மட்டுமே. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமென்றால் தசை 490 × 10.5 ÷ 5, அதாவது 1029 நியூட்டன் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்துவது சுமார் 1519 நியூட்டன். வெறுமனே நிற்கும் மனிதரின் இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பெர்லினில் கேயோர்க் பெர்க்மன் குழுவினர் உணரிகள் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து நேரடியாகவே விசையை அளந்தார்கள். 2001-இல் வெளியான அவர்களின் முடிவுப்படி, சாதாரண வேகத்தில் நடக்கும்போது உச்ச விசை சராசரியாக உடல் எடையின் 2.4 மடங்கை ஒட்டியும், படியில் ஏறும்போது 2.5 மடங்கை ஒட்டியும் இருந்தது. அந்தத் தரவுகள் ஆர்த்தோலோடு தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விசையை ஊகிப்பதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.

அடுத்து எலும்பின் தண்டில் வரும் தகைவு. தண்டை மூங்கில்போல் உள்ளே குழிந்த குழாயாகக் கொள்வோம்: வெளி விட்டம் 27 மி.மீ., உள் விட்டம் 13 மி.மீ. எலும்பின் தலைமேல் மட்டும் 1500 நியூட்டனை நேர் கீழாக அழுத்துவதாகக் கொள்வோம். ஆய்வகச் சோதனையில் செய்வதும் இதைத்தான். தலை தண்டின் அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளியிருந்தால் வளைவுத் திருப்புத்திறன் 60,000 நியூட்டன் மி.மீ. குழாயின் பரப்பு நிலைமத் திருப்புத்திறன் (வளைவை எதிர்க்கும் வடிவத்தின் அளவு) சுமார் 24,700 மி.மீ. நான்கடுக்கு. வளைவுத் தகைவு 60,000 × 13.5 ÷ 24,700, அதாவது சுமார் 33 மெகாபாஸ்கல். நேர் அழுத்தம் 1500 ÷ 440, சுமார் 3.4 மெகாபாஸ்கல். ஆகவே உட்பக்கத்தில் ஏறத்தாழ 36 மெகாபாஸ்கல் அமுக்கமும் வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 29 மெகாபாஸ்கல் இழுவிசையும் வரவேண்டும். கெட்டி எலும்பின் குணகத்தை 17,000 மெகாபாஸ்கல் என்று வைத்தால் உட்பக்கத் திரிபு 0.2 சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

இந்த எண்களைக் கேள்விக்குக் கீழே எழுதி வையுங்கள். நாளை மாதிரி 300 மெகாபாஸ்கல் காட்டினாலும் 0.3 மெகாபாஸ்கல் காட்டினாலும் எங்கோ பிழை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: படங்கள்

பயிற்சிக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘விசிபிள் ஹியூமன்’ தரவுகள் போதும். ஆண் உடலின் தரவு 1994-லும் பெண் உடலின் தரவு 1995-லும் வெளியாயின. இன்று உரிம விண்ணப்பம் இல்லாமலே பயன்படுத்தலாம். மருத்துவமனையிலிருந்து ஸ்கேன் வாங்குவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். கோப்புகளில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பதிந்திருக்கும் என்பதால் அவற்றை நீக்கியபின்தான் மருத்துவமனையை விட்டு வெளியே வரவேண்டும். இதில் சலுகையே கூடாது.

ஸ்கேன் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டறியுங்கள். துண்டுகளின் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருப்பது நல்லது. எலும்பைக் கூர்மையாகக் காட்டும் வடிகட்டியில் உருவாக்கிய படங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் விளிம்புகளில் மதிப்புகளை மிகைப்படுத்திவிடும். அடர்த்தி அளக்க மென்மையான வடிகட்டியில் உருவாக்கிய படங்களையே கேளுங்கள். சாய மருந்து செலுத்தி எடுத்த ஸ்கேனும் எலும்பின் மதிப்புகளை மாற்றும். எதிர்ப்பக்க இடுப்பில் உலோக மூட்டு இருந்தால் அதன் கீற்றுகள் இந்தப் பக்கம்வரை வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவுத்திருத்த ஃபேன்டம். அடர்த்தி முன்பே தெரிந்த சில கம்பிகளைக் கொண்ட ஒரு பட்டை அது. நோயாளியின் கீழே வைத்து அவரோடு சேர்த்தே ஸ்கேன் எடுப்பார்கள். சி.டி. கருவி தருவது ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் ஓர் எண் மட்டுமே: நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. அதை எலும்பின் அடர்த்தியாக மாற்ற ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு வேண்டும். கருவிக்குக் கருவி, மின்னழுத்தத்துக்கு மின்னழுத்தம் அது மாறும். ஃபேன்டம் இல்லாவிட்டால் வேறொருவரின் சமன்பாட்டைக் கடன் வாங்கத்தான் வேண்டும். வாங்கலாம், ஆனால் வாங்கியதை அறிக்கையில் எழுதுங்கள்.

நான்காம் படி: எலும்பைப் பிரித்தெடுப்பது

3டி ஸ்லைசரில் படங்களை ஏற்றிப் பிரிப்புப் பகுதிக்குப் போய், 200 முதல் 250 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி உடனே வந்துவிடும். சிக்கல் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, தொடை எலும்பின் தலைக்கும் இடுப்பெலும்பின் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி. பல துண்டுகளில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். அழிப்பானை எடுத்து ஒவ்வொரு துண்டாக மூன்று திசைகளிலும் பார்த்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு, தலையைப் போர்த்தியிருக்கும் கெட்டி எலும்பு மிக மெல்லியது. முதியவர்களின் எலும்பில் அது தேர்வு எல்லைக்குக் கீழே போய் ஓட்டைகளாகத் தெரியும். ஓட்டைகளை அடைத்து, உட்புறத்தையும் நிரப்பி, எலும்பு முழுவதையும் ஒரே கனவடிவமாக ஆக்குங்கள். உள்ளே எது கெட்டி எலும்பு, எது பஞ்சு எலும்பு, எது மஜ்ஜை என்பதைப் பின்னால் அடர்த்தியே சொல்லும்.

பின் மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். இங்கே கை மிஞ்சினால் எலும்பு சுருங்கும். கழுத்துப் பகுதியில் கெட்டி எலும்பின் தடிமனே ஓரிரு மி.மீ.தான், வழவழப்பாக்கும்போது அரை மி.மீ. போனால் அது பெரிய இழப்பு. முன்னும் பின்னும் கன அளவைக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது ஒரு நுணுக்கம் பலரின் நேரத்தைத் தின்னும். ஸ்லைசர் தனக்குள்ளே ஓர் அச்சு முறையையும் கோப்பாக எழுதும்போது வேறோர் அச்சு முறையையும் பயன்படுத்துகிறது: முதல் இரண்டு அச்சுகளின் குறி மாறிவிடும். வடிவம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அடர்த்தியைப் படத்திலிருந்து வலைக்கு ஏற்றும்போது வலை ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் நிற்கும். எலும்பின் தலைக்குத் தசையின் அடர்த்தியோ காற்றின் அடர்த்தியோ வந்து சேரும். வலையையும் ஸ்கேனையும் ஒரே சன்னலில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: வலை

பிரித்தெடுத்த மேற்பரப்பு லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனது; அவற்றில் பல ஊசிபோல் நீண்டிருக்கும். முதலில் அவற்றைச் சீரான அளவுள்ள முக்கோணங்களாக மாற்றி, பிறகு ஜிமெஷில் உள்ளே நான்முகிகளை நிரப்புங்கள். நான்கு கணுக்கள் (உறுப்பின் கணக்கீட்டுப் புள்ளிகள்) கொண்ட எளிய நான்முகி வளைவைச் சரியாகக் காட்டாது. உள்ளதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். பத்துக் கணுக்கள் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு நேரம் கூடும், கூடட்டும்.

எவ்வளவு நெருக்கமான வலை போதும்? 3 மி.மீ., 2 மி.மீ., 1.5 மி.மீ. என்று மூன்று வலைகள் செய்து ஒரே கணக்கை ஓட்டுங்கள். விடை சில சதவீதத்துக்குள் நின்றுவிட்டால் போதும். ஆனால் எந்த விடையைப் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். மாதிரி முழுவதிலும் உள்ள உச்சத் தகைவைப் பார்க்காதீர்கள். பிடித்துவைத்த விளிம்பிலும் விசை கொடுத்த புள்ளியிலும் தகைவு கணிதப்படியே எல்லையில்லாமல் ஏறும். வலையை எவ்வளவு நெருக்கினாலும் அது நிற்காது. உங்கள் கேள்வி எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தின் சிறு பகுதியில் சராசரித் திரிபை எடுங்கள். நமக்கு அது கழுத்தின் மேற்புறம்.

ஆறாம் படி: பொருட்பண்புகள்

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எலும்பு ஒரே பொருள் அல்ல. தொடை எலும்பின் தண்டில் உள்ள கெட்டி எலும்பின் மீட்சிக் குணகம் நீளவாக்கில் 17,000 மெகாபாஸ்கலை ஒட்டியிருக்கும். தலைக்குள் இருக்கும் பஞ்சு எலும்பில் அது சில நூறு முதல் சில ஆயிரம்வரை இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வலையின் ஒவ்வொரு உறுப்புக்கும், அதாவது ஒவ்வொரு நான்முகிக்கும், அது நிற்கும் இடத்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பிலிருந்து அடர்த்தியைக் கண்டு, அடர்த்தியிலிருந்து குணகத்தைக் காண வேண்டும்.

தொடை எலும்பின் கழுத்துக்கு அதிகம் பயன்படும் சமன்பாடு மார்கனும் அவருடன் பணியாற்றியோரும் 2003-இல் வெளியிட்டது: தோற்ற அடர்த்தியைக் கன செ.மீ.க்குக் கிராமில் எடுத்து, அதன் 1.49-ஆவது அடுக்கை 6850-ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கலில் குணகம் கிடைக்கும். அடர்த்தி 0.3 என்றால் சுமார் 1140, 0.6 என்றால் சுமார் 3200. அடர்த்தி இரட்டித்தால் விறைப்பு 2.8 மடங்காகிறது. அடர்த்தியில் 10 சதவீதம் பிழை வந்தால் விறைப்பில் 15 சதவீதம் பிழை. ஃபேன்டத்தைப் பற்றி மூன்றாம் படியில் அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

அடர்த்தி என்ற ஒரே பெயரில் மூன்று அளவுகள் புழங்குகின்றன. ஃபேன்டம் தருவது அதில் உள்ள உப்புக்கு ஈடான அடர்த்தி. எலும்பை எரித்து மீதமாகும் சாம்பலின் எடையை எலும்பின் கன அளவால் வகுத்தால் சாம்பல் அடர்த்தி. ஈரமான எலும்பின் எடையைக் கன அளவால் வகுத்தால் தோற்ற அடர்த்தி. சாம்பல் அடர்த்தி தோற்ற அடர்த்தியில் ஏறத்தாழ 0.6 பங்கு. மார்கன் சமன்பாட்டில் தோற்ற அடர்த்திக்குப் பதிலாகச் சாம்பல் அடர்த்தியைப் போட்டால் குணகம் 0.47 மடங்காகக் குறைந்துவிடும். எலும்பு உள்ளதில் பாதி விறைப்புக்கூட இல்லாமல் வளையும். சமன்பாட்டை எடுக்கும் இடத்தில் அது எந்த அடர்த்திக்கானது என்று வாசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி. அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பு சுழியத்துக்குக் கீழே போகும். அப்படியே விட்டால் அடர்த்தி கழித்தலாகி, குணகமே கிடைக்காமல் கணக்கு நின்றுவிடும். ஒரு சிறிய அடிமட்ட மதிப்பை நீங்களே வைத்துவிடுங்கள். எலும்பின் மேற்பரப்பில் வேறொரு தொல்லை: அங்கே ஒவ்வொரு வோக்சலும் (ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கனத்துண்டு) பாதி எலும்பு, பாதித் தசை. அந்தச் சராசரியை அப்படியே எடுத்தால் கெட்டி எலும்பின் மேல்தோல் மெத்தென்று ஆகிவிடும். வளைவில் அதிகம் தாங்குவதோ அந்த மேல்தோல்தான். மேற்பரப்பு உறுப்புகளுக்குச் சற்று உள்ளே இருக்கும் வோக்சல்களின் மதிப்பைக் கொடுப்பது ஒரு நல்ல தீர்வு. இந்த ஏற்றும் வேலைக்கென்றே பொலோன்யாவின் ரிட்சோலி எலும்பியல் நிறுவனத்தில் உருவாக்கிய போன்மேட் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்றி முடித்ததும் குணகத்தையே வண்ணப்படமாகப் பாருங்கள். தண்டின் சுவர் ஒளிர வேண்டும், மஜ்ஜைக் குழி இருண்டிருக்க வேண்டும், கழுத்தின் உட்பக்கத்துக் கீழ்ச்சுவர் தடித்துத் தெரிய வேண்டும். குல்மன் கண்ட இழைகளின் பாதையும் மங்கலாகத் தெரியும்.

பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது) 0.3 என்று வைத்துக்கொள்ளலாம்; இந்தக் கேள்விக்கு அதில் அதிகம் மல்லாட வேண்டாம்.

ஏழாம் படி: எல்லை நிபந்தனைகள்

எலும்பை எங்கே பிடிக்கிறோம், எங்கே விசை கொடுக்கிறோம் என்பவைதான் எல்லை நிபந்தனைகள். முதலில் ஆய்வகச் சோதனையை அப்படியே கணினியில் செய்யுங்கள். தண்டின் கீழ்முனையை முழுவதும் பிடித்து, தலையின் உச்சியில் ஒரு ரூபாய் நாணய அளவு பரப்பில் 1500 நியூட்டனைப் பகிர்ந்து நேர் கீழாகக் கொடுங்கள். ஒரே கணுவில் கொடுத்தால் அந்த இடம் குத்தப்பட்டதுபோல் அமுங்கி அருகிலுள்ள விடைகளையும் கெடுக்கும். தண்டில் வரும் தகைவைக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். உண்மை எலும்பு சீரான குழாய் அல்ல என்பதால் இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. ஆனால் அமுக்கமும் இழுவிசையும் சரியான பக்கத்தில், அதே அளவை ஒட்டி இருக்க வேண்டும்.

அது சரியானபின் உடலுக்குள் நடப்பதைக் கொண்டு வாருங்கள். வெளிப்பக்கத் தசைகள் வந்து பற்றும் மேல்முனைப் புடைப்பில் 1029 நியூட்டனை மேல்நோக்கி இழுங்கள். தலையில் 1519 நியூட்டனைக் கொடுங்கள். கீழ்முனையின் எதிர்விசை இரண்டின் வித்தியாசமான 490 நியூட்டனாக வரவேண்டும். வந்தால் விசைகளைச் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள். பிறகு விசைகளுக்கு உரிய சாய்வைப் பெர்லின் தரவுகளிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தசைகளை விட்டுவிட்ட மாதிரிகள் தண்டின் திரிபைக் கூட்டிக் காட்டுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கேள்வி தண்டைப் பற்றியதாக இருந்தால் தொடையின் மற்றத் தசைகளும் தேவைப்படும்.

எட்டாம் படி: கணக்கிட்டு வாசிப்பது

எஃபெபயோ யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் வைஸும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் அட்டேஷியனும் தலைமையேற்று உருவாக்கியது, உயிர்த்திசுக்களுக்கென்றே எழுதப்பட்டது. இதுபோன்ற நிரல்களுக்கு அலகு தெரியாது. மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்ற மூன்றையும் கடைசிவரை கலக்காமல் வைத்திருங்கள். குணகம் 17 என்றா 17,000 என்றா எழுதினோம் என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

விடை வந்ததும் வண்ணங்களைப் பார்க்காதீர்கள். எதிர்விசைகளின் கூட்டுத்தொகை கொடுத்த விசைக்குச் சமமா, இடப்பெயர்ச்சி சில மி.மீ.க்குள் இருக்கிறதா, எலும்பு எதிர்பார்த்த பக்கம் வளைகிறதா என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திரையில் தெரியும் வளைவு பல மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கலாம். பெருக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் எந்த அளவை வாசிப்பது? மாணவர் அறிக்கைகளில் எங்கும் காண்பது வான் மிசஸ் தகைவு. எஃகுபோல் நெளியும் உலோகத்துக்கு ஏற்ற அளவு அது. இழுவிசைக்கும் அமுக்கத்துக்கும் வேறுபாடு பார்க்காது. எலும்பு அப்படியல்ல. தண்டின் கெட்டி எலும்பு நீளவாக்கில் அமுக்கத்தை 190 மெகாபாஸ்கலுக்கு மேலும் தாங்கும். இழுத்தால் 130-ஐ ஒட்டியே முறிந்துவிடும். முதன்மைத் திரிபுகளை (ஒரு புள்ளியில் வரும் மிகப் பெரிய இழுவிசைத் திரிபையும் மிகப் பெரிய அமுக்கத் திரிபையும்) தனித்தனியாக வாசியுங்கள். இழுவிசையில் சுமார் 0.7 சதவீதமும் அமுக்கத்தில் சுமார் 1 சதவீதமும் நெகிழ்வெல்லைகளாக (அதைத் தாண்டினால் எலும்பு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாத எல்லைகளாக) அதிகம் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திரிபை அளவுகோலாக எடுப்பதில் இன்னொரு வசதி உண்டு: தகைவு எல்லை அடர்த்தியோடு வெகுவாக மாறும், திரிபு எல்லை அவ்வளவாக மாறாது.

இரு மாதிரிகளை ஒப்பிடும்போது வண்ண அளவுகோலை இரண்டுக்கும் ஒன்றாகப் பூட்டிவையுங்கள். மென்பொருள் தானாக வைக்கும் அளவுகோலில் வலுவான எலும்பும் நலிந்த எலும்பும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: சரிபார்ப்பு

இதில் இரண்டு வேலைகள் உண்டு. சமன்பாடுகளைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒன்று. கைக்கணக்கும் மூன்று வலைகளின் ஒப்பீடும் அதற்கு உதவும். தீர்த்தது சரியான சமன்பாடுகளையா என்பது மற்றொன்று. அதற்குக் கணினிக்கு வெளியே ஓர் அளவீடு வேண்டும். உடற்கொடையாகக் கிடைத்த எலும்பிலோ, சோதனைக்கென்றே தயாராகும் செயற்கைக் கூட்டுப்பொருள் எலும்பிலோ திரிபுமானிகளை ஒட்டி அழுத்தி, அதே இடங்களில் மாதிரி சொல்லும் திரிபோடு ஒப்பிடுவார்கள். வரைபடத்தில் இரண்டும் 45 பாகைக் கோட்டை ஒட்டி விழ வேண்டும். செயற்கை எலும்பில் செய்தால் ஆறாம் படியின் அடர்த்திச் சமன்பாடு சோதிக்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வக வசதி இல்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடர்த்தி, விசையின் அளவு, விசையின் சாய்வு, மேற்பரப்பின் இருப்பிடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் கணக்கை மீண்டும் ஓட்டுங்கள். விடை எதற்கு அதிகம் ஆடுகிறதோ அங்கேதான் உங்கள் உழைப்பு போக வேண்டும். பல நேரங்களில் வலையை இன்னும் நெருக்குவதைவிட விசையின் சாய்வைச் சரியாக அறிவது பெரிய பலன் தருவதைக் காண்பீர்கள்.

எவ்வளவு சரிபார்ப்பு போதும் என்பது விடையை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வி அண்ட் வி 40 தரநிலை இதைத் தெளிவாக வகுக்கிறது: முடிவெடுப்பதில் மாதிரிக்கு எவ்வளவு பங்கு, முடிவு தவறானால் விளைவு எவ்வளவு கடுமையானது என்ற இரண்டையும் சேர்த்தே அபாயத்தை அளக்க வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கான விண்ணப்பங்களில் கணினி மாதிரிகளின் நம்பகத்தன்மை பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே பாதையில்தான் செல்கிறது. கல்லூரித் திட்டத்துக்கு வலை ஒப்பீடும் கைக்கணக்கும் போதும். ஒரு மூதாட்டிக்கு அறுவைசிகிச்சை வேண்டுமா என்று தீர்மானிக்க அதே மாதிரியைக் கொண்டுபோனால் போதாது.

நின்ற எலும்பைச் சாய்த்துப் பார்ப்பது

ஒற்றைக் காலில் நிற்கும் கணக்கு முடிந்தபின் அடுத்துச் செய்யத் தக்கது பக்கவாட்டில் விழும் நிலை. முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால், அதிலும் பக்கவாட்டில் விழுவதால் வருபவை. வலையும் பொருட்பண்புகளும் அப்படியே இருக்கட்டும். எல்லை நிபந்தனைகளை மட்டும் மாற்றுங்கள். ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வதுபோல் தண்டைத் தரையிலிருந்து 10 பாகை சாய்த்து, எலும்பை 15 பாகை உட்புறம் திருப்பி, வெளிப்பக்கப் புடைப்பைத் தரையில் தாங்கவிட்டு, தலையைக் கீழே அழுத்துங்கள்.

இப்போது கழுத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். நிற்கும்போது இழுவிசை வந்த அதே இடத்தில் இப்போது அமுக்கம் வரும். அதுவும் பல மடங்கு திரிபோடு. வயது ஏற ஏறக் கெட்டி எலும்பு மிகவும் மெலிந்துபோவதும் அந்த மேற்சுவரில்தான். அன்றாடம் நடக்கையில் பெரும் அமுக்கத்தைத் தாங்கித் தடித்து நிற்பது கீழ்ச்சுவர். விழும்போது அமுக்கம் போய் விழுவது மெலிந்த மேற்சுவரில். இரண்டு நிலைகளுக்கும் ஒரே வண்ண அளவுகோலைப் பூட்டி, இரு படங்களையும் அருகருகே வைத்து, மேற்சுவரின் சராசரித் திரிபை இரண்டிலும் எண்ணாக எழுதுங்கள். அந்த எண்களுக்குக் கீழே ஸ்கேனின் துண்டுத் தடிமன், அளவுத்திருத்தச் சமன்பாடு, அடர்த்தியிலிருந்து குணகத்தைக் கண்ட சமன்பாடு, உறுப்பின் வகையும் அளவும், விசை எங்கே எந்தச் சாய்வில் என்பதையும் குறித்துவிடுங்கள். வேறொருவர் அதை வாசித்து, உங்களைக் கேட்காமலே அதே எண்ணை மறுபடி எடுக்க முடிய வேண்டும்.